தலைநீரின் காவல்: ஜவ்வாது மலை ஆறுகளும் ஊர்க் குழுக்களும்

1. ஆய்வின் எல்லை

தமிழகத்தின் நீர்ப்பாசன வரலாற்றை ஆராய்ந்தோர் ஏரிக்குத் தந்த கவனத்தில் சிறுபங்கைக்கூட அந்த ஏரிக்கு நீர் அனுப்பும் மலைச்சரிவுக்குத் தந்ததில்லை. ஏரியின் கரை, மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றையும் அவற்றைப் பேணிய ஊர் அமைப்புகளையும் பற்றிக் கல்வெட்டறிஞரும் பொறியாளரும் விரிவாக எழுதியுள்ளனர். ஆற்றின் தலைப்பகுதியில் ஊற்றும் ஓடையுமாகிய தலைநீரைக் காத்தவர் யார், எந்த உரிமையின் பேரில் காத்தனர், அதனால் அவர்கள் பெற்ற பயன் யாது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே நின்றுவிட்டன. அவ்வினாக்களை ஜவ்வாது மலையில் தோன்றும் ஆறுகளையும், அவற்றைக் காக்க முயன்ற ஊர்க் குழுக்களையும் முன்வைத்து ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

ஓர் ஓடைக்கு மழைநீரை வடித்துத் தரும் நிலப்பரப்பு முழுவதும், அதாவது உச்சியின் மேட்டுக்கோடு தொடங்கி நீர் ஒன்றுசேரும் இடம் வரை உள்ள காடு, மேய்ச்சல் நிலம், வயல், குடியிருப்பு ஆகிய எல்லாமும், நீர்வடிப்பகுதி எனப்படுகிறது. இந்த வரையறையிலேயே ஒரு சிக்கல் பொதிந்துள்ளது. நீர்வடிப்பகுதியின் மேற்புறத்தில் இருப்பவர் செய்வதும் செய்யத் தவறுவதும் கீழ்ப்புறத்தில் இருப்பவரையே பெரிதும் தாக்குகின்றன. மலையில் உழைப்பு ஓரிடத்திலும் பயன் வேறோரிடத்திலும் அமைகின்றன; ஏரியிலோ இரண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன. ஏரியைக் காத்த பழைய அமைப்புகள் நீடித்ததற்கும், மலையோடையைக் காக்கத் தோன்றும் குழுக்கள் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுவதற்கும் இவ்வேறுபாடே முதன்மைக் காரணம் என்பது இவ்வுரை நிறுவ விழையும் கருத்து.

2. மலையும் அதன் ஆறுகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. மலையை ஏறத்தாழ இரு பகுதிகளாகப் பிரித்து, செய்யாறு ஒரு புறமாகவும் அகரம் ஆறு மறுபுறமாகவும் இறங்குகின்றன. அகரம் ஆறு வடக்கு நோக்கிச் சென்று பாலாற்றில் சேர்கிறது. மலைபடுகடாம் புகழ்ந்து பாடும் நன்னனின் நாட்டில் சேயாறு என்னும் பெயரால் குறிக்கப்பட்ட செய்யாறோ, செங்கம் பகுதி வழியாகக் கிழக்கே நெடுந்தொலைவு ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அமிர்திக் காட்டுப் பகுதியிலிருந்து இறங்கும் நாகநதி கமண்டல நதியுடன் சேர்ந்து, கமண்டல நாகநதி என்னும் பெயரோடு ஆரணியைக் கடந்து செய்யாற்றை அடைகிறது. மிருகண்டா நதியும் செய்யாற்றின் துணையாறே. மேற்குச் சரிவின் நீரில் ஒரு பகுதி பாம்பாற்றின் வழியே தென்பெண்ணைக்குப் போகிறது.

இந்த ஆறுகளின் மீது மலையடிவாரத்தில் கட்டப்பட்ட அணைகளின் கொள்ளளவைக் கொண்டே இம்மலையைக் கீழ்நிலம் எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை உணரலாம். செய்யாற்றின் குறுக்கே அமைந்த குப்பநத்தம் அணை 700 மில்லியன் கன அடியும், கமண்டல நதியின் செண்பகத்தோப்பு அணை 287 மில்லியன் கன அடியும், மிருகண்டா நதி அணை 87 மில்லியன் கன அடியும் நீரைத் தேக்கவல்லவை. பாலாறு 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டரைத் தமிழகத்தில் கடந்தாலும், கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் அதற்கு வரும் நீர் பெருமழை ஆண்டுகளுக்கே உரியதாகிவிட்ட நிலையில், தமிழகத்துக்குள்ளேயே தோன்றும் இந்தத் துணையாறுகளின் முக்கியத்துவம் முன்னிலும் கூடியுள்ளது.

மலையின் பாறை இயல்பு அதன் நீரியல்பை வரையறுக்கிறது. சார்னோக்கைட்டு, நைஸ் முதலிய மிகப் பழைய கடினப் பாறைகளால் ஆன இந்நிலத்தில், பாறைக்குள்ளே நீர் தங்க இடமில்லை. மேற்பரப்பில் சிதைந்து மண்ணாகிவரும் படலத்திலும், அதன் கீழே ஆழத்துக்கு ஓடும் பாறைப் பிளவுகளிலும் மட்டுமே நீர் சேர்கிறது. மழை ஓய்ந்த பின்னரும் ஓடையில் நீர் கசிந்துகொண்டிருப்பதற்கு இந்தச் சேமிப்பே காரணம். நீரியலார் இதை அடியோட்டம் என்பர். மலைச்சரிவில் மரமும் புல்லும் அழிந்து மேல்மண் அரித்துச் செல்லப்படும்போது சேமிப்புப் படலம் மெலிகிறது. மழைநீர் நிலத்துள் இறங்காமல் வெள்ளமாக வடிந்துவிடுகிறது. அடிவாரத்திலோ ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்குக் கீழே போய்விடும்போது, நிலம் ஆற்றுக்கு நீர் தருவது நின்று, ஆற்றில் வரும் நீரையும் நிலமே உறிஞ்சிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. ஆகவே, வறண்ட ஆற்றை மீட்பது என்பதன் பொருள், சரிவில் நீரை நிறுத்துவதும் அடிவாரத்தில் நீர்மட்டத்தை உயர்த்துவதும் ஆகிய இரண்டும் ஒருசேர நிகழ்வதே ஆகும்.

3. ஏரி வாரியம் காத்ததும் காவாததும்

செய்யாற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்த உத்திரமேரூரின் பேரேரி, அனுமந்தண்டலத்தில் அந்த ஆற்றை மறித்த அணைக்கட்டிலிருந்து நீர் பெறுகிறது. அவ்வூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை விரித்துரைக்கின்றன. ஊரின் உட்பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து திரட்டிய பெயர்களைக் கொண்டு சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் ஓராண்டுக் காலத்துக்கு அமர்த்தப்பட்டனர். வேட்பாளர் கால்வேலிக்கு மேற்பட்ட வரிநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி.

இந்த நிலத் தகுதியைச் சாதி, செல்வ மேலாதிக்கத்தின் அடையாளமாக மட்டும் காண்பது முழுமையாகாது. ஏரி நீரால் விளையும் நிலத்தை உடையவரே ஏரியைக் காக்கும் பொறுப்பை ஏற்றார் என்பதால், பயனும் பொறுப்பும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. பிற்காலத்துக் குடிமராமத்து முறையும், அதாவது பாசனம் பெறும் குடிகளே ஆண்டுதோறும் கூடி வாய்க்காலைத் தூர்வாரிக் கரையைச் சீர்செய்யும் வழக்கமும், இதே அடித்தளத்தில் நின்றது. மதகைத் திறந்து வயல்தோறும் நீரைப் பகிர்ந்துவிட்ட நீர்க்கட்டி, கம்புகட்டி முதலியோர் அறுவடையில் பங்கு பெற்றனர். ஆங்கிலேய அரசு 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தின் வழியாக இவ்வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக மாற்றியது. வழக்கத்தை உயிரோடு வைத்திருந்த ஊரதிகாரத்தையும் வருவாயையும் அரசு தன்வசமாக்கிக்கொண்ட பின், கடமை ஏட்டளவில் எஞ்சியது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியபோதும், அவை பெரும்பாலும் ஏரி, கால்வாய், கண்மாய் என்னும் கீழ்நில அமைப்புகளைச் சார்ந்தனவாகவே அமைந்தன.

ஏரி வாரியத்தின் ஆணை செய்யாற்றின் தலைப்பகுதி வரை சென்றிருக்க இயலாது. மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் தமக்கென நாடு என்னும் பிரிவுகளையும் அவற்றுக்குரிய தலைமையையும் கொண்டிருந்தனர். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சாமை முதலிய மானாவாரிப் பயிர்களை நம்பிய அம்மக்களுக்கு ஓடை என்பது குடிநீருக்கும் கால்நடைக்கும் உரியது; அதன் பாசனப் பயனை அடைந்தவர் கீழே இருந்தனர். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தபோது, சரிவுகளின் மீதான அதிகாரம் மலைமக்களின் நாட்டிடமிருந்து வனத்துறைக்குச் சென்றது. அந்த நாள் தொட்டு, தலைநீரின் அருகே வாழ்வோர் ஒருவர், அதன்மீது அதிகாரம் உடையோர் வேறொருவர், அதன் பயனைப் பெறுவோர் மூன்றாமவர் என்னும் மூவகைப் பிளவு நிலைபெற்றது.

4. நாகநதி: ஓர் அண்மைக்கால முயற்சி

இந்தப் பிளவின் நடுவே நிகழ்ந்த மிகப் பெரிய மக்கள் முயற்சி நாகநதி மீட்புப் பணியாகும். வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தை மையமாகக் கொண்டு 2014இல் வாழும் கலை அமைப்பின் வழிகாட்டலில் தொடங்கிய இப்பணி, ஊராட்சிகளையும் மாவட்ட நிர்வாகத்தையும் இணைத்து, மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ், அதாவது ஊரார் சொல்லும் நூறு நாள் வேலையாக, நடைபெற்றது. பங்கேற்ற பெண்களின் தொகை ஏறக்குறைய 20,000 எனச் செய்திகளில் பரவலாகக் குறிக்கப்பட்டது. பிரதமர் 2021 செப்டம்பர் 26 அன்று வானொலி உரையில் நாகநதிப் பெண்களைப் பாராட்டியதன் மூலம் இம்முயற்சி நாடறிந்ததாயிற்று.

பணியின் நுட்பம் எளியதும் பாறை இயல்புக்குப் பொருந்தியதுமாகும். ஓடையின் மேற்பகுதியில் பாறாங்கற்களை அடுக்கிக் கல் தடுப்புகள் அமைக்கப்பட்டன. இவை சிமெண்டுத் தடுப்பணையைப் போல நீரை முற்றிலும் மறிப்பதில்லை, விரைவைத் தணித்து மண்ணைப் பின்னே படியவிடுகின்றன. அடிவாரத்து ஓடைகளில், நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டப்பட்டன. ஓடைப் படுகையின் களிப்படலத்தைத் துளைத்துச் சிமெண்டு உறைகளை இறக்கி, மழைநீர் நேராகச் சிதைந்த பாறைப் படலத்தையும் அதன் பிளவுகளையும் அடையுமாறு செய்வதே இவற்றின் வேலை. உச்சியில் விரைவைக் குறைத்து, சரிவில் மண்ணை நிறுத்தி, அடிவாரத்தில் நீரை உள்ளே செலுத்துதல் என்னும் இந்த வரிசைமுறையை நீர்வடிப்பகுதி மேம்பாட்டாளர் உச்சியிலிருந்து பள்ளம் நோக்கிய அணுகுமுறை என்பர்.

வேலை உறுதிச் சட்டம் 2005இல் வகுத்த விதிகள் இப்பணியின் வடிவத்தையே தீர்மானித்தன என்பது கருதத்தக்கது. மொத்தச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு கூலிக்கும் எஞ்சியது பொருட்களுக்கும் ஆக வேண்டும் என்னும் விகிதம், எந்திரத்தையும் சிமெண்டையும் கட்டுப்படுத்திக் கைவேலையை முன்னிறுத்தியது. பயனாளரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும் என்னும் விதியைத் தமிழகம் எப்போதும் தாண்டியே நின்றது. எனவே நாகநதிப் பணியைத் தன்னார்வத் தொண்டு என்று மட்டும் வருணிப்பது அங்கு உழைத்த பெண்களுக்கு நீதி செய்வதாகாது. அது கூலி பெற்ற உழைப்பு. நிலவரைபடம் பார்த்துக் கிணற்றின் இடத்தைத் தேர்வதிலும் ஊரைத் திரட்டுவதிலும் தன்னார்வம் செயற்பட்டது. கூலியும் தன்னார்வமும் இவ்வாறு இணைந்ததே இப்பணியின் வலிமை. கூலி நிற்கும் நாளில் செறிவூட்டும் கிணற்றின் வாயில் சேரும் வண்டலை அகற்றுவது யார் என்பது அதன் திறந்த வினா. வண்டல் அடைத்த கிணறு சில மழைக்காலங்களிலேயே பயனற்றுப் போகும் என்பதால் இது சிறிய வினாவன்று.

5. மீட்சியை அளத்தல்

ஓர் ஆறு மீண்டும் ஓடியது என்பதைக் கொண்டு அதன் நீர்வடிப்பகுதிப் பணி வெற்றி பெற்றது என முடிவு கட்டுவது அறிவியலாகாது. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2021 நவம்பரிலோ பாலாற்றில் பலரது வாழ்நாளில் காணாத வெள்ளம் பெருகியது. இவ்வளவு மாறுபாடுடைய மழையில், எந்தப் பணியும் நடவாத ஓடைகூட ஓராண்டில் வறண்டு மற்றோராண்டில் பெருகும். பணி நடந்த ஓடையையும் அதே மழை பெறும் பணி நடவாத அண்டை ஓடையையும் ஒப்பிட்டு, மழை நின்ற பின் எத்தனை நாள் நீர் கசிகிறது, கோடையில் கிணறுகளின் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்தாலொழிய உண்மை விளங்காது.

இத்தகைய அளவீட்டை ஊராரே செய்ய இயலும் என்பதற்கு வேலூரின் எல்லையை ஒட்டியே சான்று உண்டு. ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் 2003 முதல் 2009 வரை நடந்த உழவர் நிலத்தடிநீர் மேலாண்மைத் திட்டத்தில், உழவர்களே மழைமானியும் நீர்மட்ட அளவியும் கொண்டு பதிவுகளை எடுத்து, ஊர்ச் சுவரில் எழுதி, ராபிப் பருவத்துக்கு முன் கூடி, இருக்கும் நீருக்கு ஏற்பப் பயிரைத் தேர்ந்தனர். இதற்குப் பயிர்நீர் வரவுசெலவுத் திட்டம் என்று பெயர். அமெரிக்காவில் ஐசக் வால்டன் சங்கம் 1969இல் தொடங்கிய ஓடைக் காப்பு இயக்கத்தின் தொண்டர்கள், ஓடைக் கற்களின் அடியில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்களை எண்ணியே நீரின் தூய்மையை மதிப்பிடுகின்றனர். தமிழக அரசும் நடுவண் நிலத்தடிநீர் வாரியமும் இணைந்து ஆட்சிப் பிரிவுதோறும் நிலத்தடி நீரின் நிலையைக் கணித்து, ஆண்டு ஊறும் அளவைவிட மிகுதியாக எடுக்கும் பிரிவை அளவுமீறிய சுரண்டலுக்கு உள்ளானது என வகைப்படுத்துகின்றன. இத்தகைய பிரிவுவாரிக் கணக்கு ஓர் ஊரின் கிணற்றையோ ஓர் ஓடையையோ காட்டாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் அங்கேயே வாழும் குழுவினரே.

6. நீதிமன்றத்தை நாடிய குழு

ஜவ்வாது மலையின் ஓடைகள் போய்ச் சேரும் பாலாற்றில், உழைப்பால் அல்லாமல் சட்டத்தால் ஆற்றைக் காக்க முயன்ற குழு ஒன்றும் இருந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கெடுப்பு ஒன்றை மேற்கோளாக்கிய தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஏற்றதாக இல்லாமற்போனதைப் பதிவுசெய்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, தீங்கு முற்றிலும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் கூறுகளாக அறிவித்தது.

ஒரு மாவட்டக் குடிமக்கள் குழு நாட்டின் சூழல் சட்டத்துக்கே அடித்தளம் இட்டது என்பது பெருமைக்குரியது. ஆயினும் அதே மாசுபாட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் இழப்பீட்டுக்கும் ஆற்று மீட்புக்கும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்புக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்திருப்பதை இது உணர்த்துகிறது. ஆணையின் நிறைவேற்றத்தை ஆற்றங்கரையில் நாள்தோறும் கண்காணிக்கச் சட்ட அதிகாரம் பெற்ற ஊரமைப்பு இல்லாதபோது, வென்ற வழக்கும் மீண்டும் தொடுக்கப்பட வேண்டியதாகிறது.

7. காவலும் உரிமையும்

அத்தகைய அதிகாரத்தைச் சட்டம் வேறோரிடத்தில் ஏற்கெனவே வழங்கியுள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டில் வாழ்வோரின் கிராம சபை தன் எல்லையை ஒட்டிய நீர்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் போதிய அளவு காக்கப்படுவதை உறுதிசெய்ய அதிகாரம் உடையது என்கிறது. 3ஆம் பிரிவு சமூகக் காட்டுவளத்தைக் காக்கவும் மேலாளவும் உரிமை அளிக்கிறது. தமிழகத்தில் இச்சட்டத்தின் செயலாக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னரே வழிபெற்றது. பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்குத் தன்னாட்சி தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால் ஜவ்வாது மலைக்கு அது பொருந்தாது. ஆகவே, இம்மலையில் தலைநீர்க் காவலுக்குரிய வலுவான சட்டக் கருவி வன உரிமைச் சட்டமே.

இதற்கு முன்னரே, 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்களை அமைத்து, நடவோடு தடுப்பணைகளையும் கசிவுநீர்க் குட்டைகளையும் உருவாக்கியது. இக்குழுக்கள் வனத்துறையின் ஆணையால் பிறந்தவை. திட்ட நிதி உள்ளவரை இயங்கத் தக்கவை. கிராம சபையின் உரிமை அவ்வாறு ஒரு திட்டத்தோடு தொடங்கி அத்திட்டத்தோடு முடிவதன்று என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. பொதுவளங்களை நெடுங்காலம் காத்த சமூகங்களை ஆராய்ந்து 1990இல் நூலெழுதி, 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், விதிகளை வகுத்துக்கொள்ளும் உரிமையை மேலதிகாரம் ஏற்பதும், பயனுக்கும் செலவுக்கும் பொருத்தம் இருப்பதும் நிலைபேற்றின் நிபந்தனைகளில் அடங்கும் என்றார். ஏரி வாரியத்துக்கு இவ்விரண்டும் இருந்தன; மலைக்குழுவுக்கு இரண்டும் இல்லை.

8. பயனைப் பகிர்தல்

உரிமை கிடைத்தாலும் பயன் கீழேயே தங்கிவிடும் என்னும் சிக்கல் எஞ்சுகிறது. இதற்கு விடை கண்ட இந்திய ஊர் அரியானாவின் சுகோமாஜ்ரி. சண்டிகரின் சுக்னா ஏரி வண்டலால் நிரம்பியதன் காரணத்தைத் தேடியபோது, அதன் மேற்புறத்துச் சிற்றூர்களில் கட்டுப்பாடின்றி நடந்த மேய்ச்சலே மண்ணரிப்புக்கு வித்து எனக் கண்டறியப்பட்டது. 1970களில் அங்குச் சிறு மண்ணணைகள் கட்டப்பட்டு, தேங்கிய நீரில் நிலமற்றவர் உள்ளிட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் சமபங்கு என ஊர்ச் சங்கம் முடிவுசெய்தது. நிலம் இல்லாதவரும் தம் நீர்ப்பங்கைப் பிறருக்குத் தரலாம் என்றானபின், சரிவில் ஆடு ஓட்டுவதைக் கைவிட எல்லோருக்கும் காரணம் கிடைத்தது. காடு தழைத்தது, ஏரிக்கு வந்த வண்டலும் குறைந்தது. நியூயார்க் மாநகரம் 1997இல் கேட்ஸ்கில் மலை ஊர்களோடு செய்துகொண்ட உடன்பாடு இதன் பெருவடிவம்: பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டு நிலையம் கட்டுவதைத் தவிர்த்து, மேற்புற உழவரும் ஊர்களும் நீரைத் தூய்மையாக வைத்திருக்க நகரம் பணம் செலுத்துகிறது.

ஜவ்வாது மலைக்கு இவற்றைப் பொருத்துவது கடினமன்று. குப்பநத்தம், செண்பகத்தோப்பு, மிருகண்டா அணைகளின் பாசனத்தாரும், ஆற்றுப்படுகைக் குடிநீர்த் திட்டங்களால் பயனுறும் நகராட்சிகளும் ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கைத் தலைநீர் நிதியாக ஒதுக்கலாம். ஜமுனாமரத்தூர் ஒன்றியத்திலும் புதூர் நாட்டிலும் உள்ள கிராம சபைகள், வன உரிமைச் சட்டத்தின் கீழ்த் தம் சமூகக் காட்டுவள எல்லையை வரைந்து, அந்நிதியைப் பெற்றுக் கல் தடுப்புகளைச் சீர்செய்யவும், செறிவூட்டும் கிணறுகளின் வண்டலை அகற்றவும், ஓடைதோறும் நீரளவைப் பதியவும் கூலியோடு கூடிய காவலரை அமர்த்தலாம். அப்பதிவுகளை மேலூராரும் கீழூராரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாக அமர்ந்து தணிக்கை செய்வது, தருபவருக்கும் பெறுபவருக்கும் நம்பிக்கையை வளர்க்கும். மண்ணரிப்பைத் தடுத்து நீரை இருத்தும் சாமைப் பயிர் முறைகளுக்கும் இந்நிதியிலிருந்து ஊக்கம் தரலாம். மலைமக்களின் உணவும் கீழ்நிலத்தின் நீரும் அப்போது ஒரே ஏற்பாட்டில் காக்கப்படும்.

தன்னார்வம் என்பது இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கிவைக்கும் ஆற்றல். அதைத் தாங்கி நிற்கும் தூண் அன்று. நாகநதியில் பெண்கள் காட்டிய உழைப்பும், வேலூர் மன்றம் காட்டிய சட்டத் துணிவும் அந்த ஆற்றலுக்கு ஐயமற்ற சான்றுகள். இனி வேண்டுவது, உத்திரமேரூரார் ஏரிக்குச் செய்த ஒன்றை மலையோடைக்கும் செய்வது: காப்பவர் யார் என்பதை விதியால் வரையறுப்பது, அவருக்கு அதிகாரம் அளிப்பது, காவலின் பயனில் அவருக்குப் பங்கு உண்டு என்பதைக் கணக்கில் எழுதுவது.